கும்பல் வன்முறையை ஆராயப் போகிறவருக்கு என்ன பயிற்சி வேண்டும்?

திருநெல்வேலியில் குற்றவியல் முதுகலை முடித்து, இரண்டு ஆண்டுகளாகக் குழந்தைகள் பாதுகாப்புத் துறையில் வேலை பார்க்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "பிரிட்டனில் கேங் வன்முறை பற்றி பிஎச்.டி. செய்ய விரும்புகிறேன். அதற்கென்று அங்கே பயிற்சி கொடுப்பார்களா? கேங்கில் இருப்பவர்களை நேரில் சந்தித்தே ஆக வேண்டுமா? எவ்வளவு ஆபத்து? வீட்டில் ரொம்பப் பயப்படுகிறார்கள்." மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ஆபத்தான இடத்துக்குப் போய், உண்மையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பத்திரமாகத் திரும்பி வர யாராவது கற்றுக் கொடுப்பார்களா? கற்றுக் கொடுப்பார்கள். ஆனால் போய்வருவது பயிற்சியில் சிறிய பங்கு. கேட்டு வாங்கி வந்ததைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது, அது யாரைக் காயப்படுத்தக்கூடும் என்பதற்குத்தான் பெரும்பங்கு நேரம் போகும். நீங்கள் கிளம்புவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வட இங்கிலாந்தில் ஒரு நகரில் இதே துறையில் முனைவர் பட்டம் செய்தவன் நான். பன்னிரண்டு ஆண்டுகளாக முதுகலை, பிஎச்.டி. மாணவர்களுக்கு ஆய்வு முறை சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆகவே நான் சொல்வது இங்கிலாந்துக்கும் பெருமளவு ஸ்காட்லாந்துக்கும் பொருந்தும். அமெரிக்காவில் துப்பாக்கியும் சட்டமும் வேறு. எல் சால்வடார் போன்ற நாடுகளில் களமே வேறு. அங்கே போக நினைத்தால் என் சொல்லை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

முதலில் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "கேங் ஆய்வு" என்று தனிப் பெயர் போட்ட பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். இந்த வேலையைச் செய்பவர்கள் குற்றவியல், சமூகவியல், சமூகக் கொள்கை, மானுடவியல், பொதுச் சுகாதாரம் என்று பல துறைகளில் இருக்கிறார்கள். பலருக்கு முதல் ஓராண்டு சமூக ஆய்வு முறைகளில் முதுகலை, அதன் பிறகு மூன்று, மூன்றரை ஆண்டு பிஎச்.டி. என்று போகும். அந்த ஓராண்டில் புள்ளியியல், நேர்காணல், இனவரைவியல் (ஒரு சமூகத்தோடு நெடுநாள் பழகிக் கவனித்து எழுதும் முறை), ஆய்வு அறம் எல்லாம் பொதுவாக நடக்கும். கேங் பற்றிய பிரத்யேகப் பயிற்சி நெறியாளரின் அறையில்தான் கிடைக்கும். அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரை விட நெறியாளர் யார் என்பது இந்தத் துறையில் பல மடங்கு முக்கியம். பிஎச்.டி.யின் முதலாண்டு முடிவில் ஒரு மதிப்பீடு இருக்கும், அதைத் தாண்டினால்தான் மேலே போகலாம். ஆய்வு அறத்தைப் பரிசீலிக்கும் பல்கலைக்கழக எத்திக்ஸ் கமிட்டியின் எழுத்துப்பூர்வ அனுமதி வராமல் ஒரே ஒரு நேர்காணல்கூடச் செய்யக் கூடாது. பண விஷயத்தில் ஒன்று: 2021 முதல் பிரிட்டன் அரசின் ஆராய்ச்சிக் கவுன்சில் உதவித்தொகைகளில் ஒரு பங்கு வெளிநாட்டு மாணவர்களுக்கும் திறந்திருக்கிறது. போட்டி கடுமை, ஆனால் கதவு மூடியில்லை.

சரி, உள்ளே வந்ததும் முதல் சிக்கல் "கேங்" என்ற சொல்லே. நம் ஊரில் செய்தித்தாள் "கும்பல்" என்று எழுதும், காவல்துறை "ரவுடி" என்று சொல்லும், ஊர்க்காரர்கள் "கோஷ்டி" என்பார்கள், அதே பையன்களின் அம்மாவைக் கேட்டால் "பசங்க சேந்து சுத்துறானுங்க" என்பார். நான்கு சொற்களும் ஒரே ஐந்து பேரைக் குறிக்கலாம். எந்தச் சொல்லை எடுக்கிறோமோ அதற்கேற்ப அந்த ஐந்து பேருக்கு என்ன நடக்கும் என்பதும் மாறிவிடுகிறது. இந்தத் துறையின் தொடக்கமாகச் சொல்லப்படும் ஃபிரெடெரிக் த்ராஷர், 1927இல் சிகாகோவில் 1,313 கேங்குகள் என்று எழுதினார். அவர் எண்ணியதில் விளையாட்டுக்காகச் சேர்ந்த சிறுவர் கூட்டம் முதல் கொள்ளைக்காரர்கள் வரை எல்லாரும் அடக்கம். இன்றைய வரையறைகள் எதை வைத்து எண்ணினாலும் அந்த எண் வராது.

1990களின் இறுதியில் மால்கம் க்ளைன் உள்ளிட்ட அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வாளர்கள் யூரோகேங் என்ற வலையமைப்பாகச் சேர்ந்து ஒரு பொது வரையறைக்கு வந்தார்கள். நீடித்து நிலைக்கும், தெருவை மையமாகக் கொண்ட, இளைஞர்களின் குழு. சட்டவிரோதச் செயலில் ஈடுபடுவது அந்தக் குழுவின் அடையாளத்திலேயே கலந்திருக்க வேண்டும். கவனித்துப் பாருங்கள், தலைவன், கொடி, நிறம், பச்சை குத்தல் எதுவும் இதில் இல்லை. இங்கிலாந்துச் சட்டமோ 2009இல் கேங் தடையாணை (கேங் ஆட்களைக் கட்டுப்படுத்தும் நீதிமன்ற ஆணை) கொண்டுவந்தபோது பெயர், சின்னம், நிறம், குறிப்பிட்ட பகுதி என்பவற்றை வரையறையில் வைத்தது. 2015இல் அதை மாற்றி, மற்றவர்கள் ஒரு குழுவாக அடையாளம் காணக்கூடிய ஏதாவது ஒரு பண்பு இருந்தால் போதும் என்று தளர்த்தியது. ஆறே ஆண்டில் சட்டத்தின் கண்ணுக்குக் கேங் என்பது வேறொன்றாகிவிட்டது. தெருவில் ஒன்றும் மாறவில்லை.

இதையொட்டி இங்கே ஒரு பெரிய சண்டையே நடந்தது. ஜான் பிட்ஸ் கிழக்கு லண்டனின் வால்தம் ஃபாரஸ்டில் ஆய்வு செய்து, கேங்குகள் உண்மையில் வளர்ந்துவிட்டன, பல பிள்ளைகள் விருப்பமில்லாமலே, பயத்தினால் அதில் சேருகிறார்கள் என்றார். சைமன் ஹால்ஸ்வொர்த்தும் தாரா யங்கும் மறுத்தார்கள்: எல்லாத் தெரு வன்முறைக்கும் "கேங்" என்ற ஒரே விளக்கத்தை ஒட்டுவது காவல்துறையும் ஊடகமும் பழகிக்கொண்ட பேச்சு, அது உண்மையை மறைக்கிறது என்றார்கள். பதினைந்து ஆண்டுக்கு மேலாகியும் இது முழுமையாகத் தீரவில்லை. என் முடிவைக் கேட்டால், பயந்து சேருகிறார்கள் என்ற பிட்ஸின் கவனிப்பு சரி, நானே அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஆனால் சொல்லைப் பற்றிய எச்சரிக்கையில் ஹால்ஸ்வொர்த் பக்கமே நியாயம் அதிகம். உங்கள் ஆய்வில் இந்த இருவரையும் நேர்மையாக எதிர்கொள்ளாமல் ஓர் அடி நகர முடியாது.

சொல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு லண்டனில் நடந்ததைவிட நல்ல பாடம் இல்லை. 2011 ஆகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு, 2012இல் லண்டன் பெருநகரக் காவல்துறை "கேங்ஸ் மேட்ரிக்ஸ்" என்ற பட்டியலைத் தொடங்கியது. கேங் ஆட்கள் என்று கருதப்பட்டவர்களின் பெயரும் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆபத்து மதிப்பெண்ணும் அதில் இருந்தன. 2017 அக்டோபரில் அதில் 3,806 பேர். மனித உரிமை அமைப்பான அம்னஸ்டி 2018இல் வெளியிட்ட அறிக்கைப்படி அவர்களில் 78 சதவீதம் கறுப்பினத்தவர். ஆனால் இளைஞர் கடும் வன்முறைக்குப் பொறுப்பானவர்களாகக் காவல்துறையின் சொந்தக் கணக்கு காட்டியவர்களில் கறுப்பினத்தவர் 27 சதவீதம்தான். யாரோடு நிற்கிறான், எந்த ராப் வீடியோவைப் பகிர்கிறான் என்பதெல்லாம் ஒருவன் பெயர் பட்டியலில் ஏறப் போதுமானதாக இருந்தது. 2018 நவம்பரில், தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம் இது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறுவதாகச் சொன்னது. 2022இல் ஒரு வழக்கில், அந்தப் பட்டியல் நடத்தப்பட்ட விதம் சட்டத்துக்குப் புறம்பானது என்று காவல்துறையே ஒப்புக்கொண்டது. 2024இல் அதைக் கைவிட்டது.

இதன் உள்ளே இன்னொரு சம்பவம் இருக்கிறது. ஒவ்வொரு புதிய மாணவரிடமும் இதை நான் சொல்கிறேன். 2017இல் கிழக்கு லண்டனின் நியூஹாம் நகராட்சியிலிருந்து அந்தப் பட்டியலின் மறைக்கப்படாத பிரதி, 203 பேரின் விவரங்களோடு, 44 பேருக்கு மின்னஞ்சலில் போனது. சில மாதங்களில் அதன் புகைப்படங்கள் ஸ்னாப்சாட் வழியே எதிர்க் குழுக்களின் கையில் இருந்தன. அந்த ஆண்டு அந்தப் பகுதியில் கடும் வன்முறைகள் நடந்தன, பாதிக்கப்பட்டவர்களில் பட்டியலில் இருந்தவர்களும் உண்டு. கசிவுதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது என்று ஆணையர் அலுவலகம் தெளிவாகச் சொன்னது, நாமும் அதைத் தாண்டிச் சொல்லக் கூடாது. ஆனாலும் 2019இல் நகராட்சிக்கு 1,45,000 பவுண்டு அபராதம் விதித்தது. ஒரு ஸ்ப்ரெட்ஷீட், ஒரு மின்னஞ்சல். நீங்கள் செய்யப் போகும் ஆய்வின் மடிக்கணினியிலும் இதே மாதிரி ஒரு கோப்பு இருக்கும். தமிழ்நாட்டில் வேலை பார்த்தவருக்கு இது புதிதாக இருக்காது. ஏ பிளஸ், ஏ, பி, சி என்று வகை பிரித்து ரவுடிகளின் ஹிஸ்டரி ஷீட் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பெயர் அதில் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று ஒரு முறை யோசித்துவிட்டு லண்டன் கதையைப் படியுங்கள்.

எண்களைப் படிக்கும் பயிற்சி அடுத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல்துறை பதிவு செய்யும் குற்ற எண்ணிக்கைக்கு இருந்த "தேசியப் புள்ளிவிவரம்" என்ற தரச் சான்றை 2014இல் புள்ளியியல் ஆணையம் எடுத்துவிட்டது. பதிவு செய்யும் முறை நம்பத்தக்கதாக இல்லை என்பதே காரணம். அப்படியானால் வன்முறை கூடுகிறதா, குறைகிறதா என்று எதை வைத்துச் சொல்வது? வேல்ஸின் கார்டிஃபில் முக அறுவை மருத்துவராக இருந்த ஜொனாதன் ஷெப்பர்ட் ஓர் எளிய விஷயத்தைக் கவனித்தார்: வெட்டுப்பட்டு, அடிபட்டு அவசரச் சிகிச்சைக்கு வருபவர்களில் பெரும் பகுதியினரின் சம்பவம் காவல்துறைக்கே தெரியாது. எங்கே, எதனால், எப்போது என்று மட்டும் கேட்டு, பெயரை நீக்கிவிட்டு, மருத்துவமனைகள் அந்தத் தகவலை நகர நிர்வாகத்தோடும் காவல்துறையோடும் பகிரும் முறை அங்கிருந்து பிறந்தது. இன்று கார்டிஃப் மாடல் என்று பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். காவல்துறைப் பதிவையும் மருத்துவமனைப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிந்த மாணவர், முதல் பக்கச் செய்தியில் வரும் எண்ணைப் பார்த்துப் பதறமாட்டார்.

இந்தத் துறையில் எது உறுதி, எது சந்தேகம் என்று கேட்டால், வன்முறை மிகச் சிலரிடம் குவிந்திருக்கிறது என்பதை நான் உறுதியின் பக்கம் வைப்பேன். ஆண்ட்ரூ பாப்பக்ரிஸ்டோஸும் அவரோடு சேர்ந்தவர்களும் சிகாகோவில் 2006 முதல் 2012 வரையிலான பதிவுகளை எடுத்து, ஒன்றாகக் கைதானவர்களை இணைத்து வலைப்பின்னலாக வரைந்தார்கள். உயிர் தப்பிய துப்பாக்கிச் சூட்டுக் காயங்களில் 70 சதவீதம், நகர மக்கள் தொகையில் ஆறு சதவீதத்துக்கும் குறைவானவர்கள் அடங்கிய வலைக்குள் விழுந்தது. ஏழை வட்டாரம் முழுவதும் ஆபத்தானது என்ற பேச்சு பொய் என்பதற்கு இதுவே போதும். சந்தேகத்தின் பக்கம், எந்தத் திட்டம் வன்முறையைக் குறைத்தது என்பதை வைப்பேன். பாஸ்டனில் 1996இல் தொடங்கிய ஆபரேஷன் சீஸ்ஃபயருக்கு (கேங் ஆட்களை நேரில் அழைத்து எச்சரித்து, விலக உதவியும் தருவதாகச் சொன்ன திட்டம்) பிறகு இளைஞர் கொலைகள் மாதச் சராசரியில் 63 சதவீதம் குறைந்ததாக மதிப்பீடு சொன்னது. அதே ஆண்டுகளில் அமெரிக்க நகரங்கள் பலவற்றிலும் கொலைகள் சரிந்துகொண்டிருந்தன. பாஸ்டனின் சரிவு அவற்றைவிடக் கூர்மையானது என்று மதிப்பிட்டவர்கள் காட்டினார்கள். இருந்தும் அதில் எவ்வளவு திட்டத்துக்குச் சேரும் என்பதில் வாதம் ஓயவில்லை.

கிளாஸ்கோவிலும் இதே கதை. 2005இல் காவல்துறைக்குள்ளேயே வன்முறைக் குறைப்புப் பிரிவு தொடங்கினார்கள், வன்முறையை ஒரு நோயைப் போலப் பார்க்கலாம் என்றார்கள். பாஸ்டனின் பாணியில் 2008 முதல் கேங் பையன்களை நீதிமன்றக் கூடத்துக்கு அழைத்து, அறுவை மருத்துவரையும் மகனைப் பறிகொடுத்த தாயையும் அவர்கள் முன் பேச வைத்தார்கள். அடுத்த பத்தாண்டில் ஸ்காட்லாந்தில் கொலைகள் ஏறக்குறைய பாதியாயின. அந்தப் பிரிவில் வேலை செய்தவர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் தேர்வறையில் ஒரு மாணவர் "அந்தத் திட்டத்தால்தான் குறைந்தது" என்று எழுதினால் நான் அடிக்கோடிடுவேன். கடுமையான தண்டனை, மாறிய குடிப்பழக்கம், தெருவை விட்டு போனுக்குள் போன இளமைப் பருவம் எல்லாமே அதே ஆண்டுகளில் நடந்தவை.

இனி நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். என் முதல் ஆண்டுக் களப்பணியில், பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனிடம் "நீ சொல்வது யாருக்கும் போகாது" என்று சொல்லிவிட்டேன். ஒப்புதல் படிவத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. அவன் தயங்கியதால், அவனை இளக்கும் அவசரத்தில் நானாகச் சொன்னது. அரை மணி நேரம் கழித்து, இன்னொரு பையனை அந்த வாரக் கடைசியில் என்ன செய்யப் போகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினான். பெயரோடு சொன்னான். ரெக்கார்டரை நிறுத்தினேன். ஒருவன் உயிருக்கு ஆபத்து என்றால் நான் சும்மா இருக்க முடியாது என்று அப்போதுதான் அவனிடம் சொன்னேன். அவனை அறிமுகம் செய்த இளைஞர் பணியாளரையும் என் நெறியாளரையும் அன்று மாலையே கூப்பிட்டேன். அந்த வாரக் கடைசி அமைதியாகக் கழிந்தது. அவன் என்னோடு மறுபடி பேசவே இல்லை. அவன் கோபம் நியாயமானது. நான் கொடுக்க முடியாத வாக்கைக் கொடுத்திருந்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் தெரிந்த குற்றத்தையெல்லாம் போய்ச் சொல்லியாக வேண்டும் என்ற பொதுக் கடமை கிடையாது. பயங்கரவாதம் போன்ற விலக்குகள் உண்டு. கடல் தாண்டி வட அயர்லாந்துக்குப் போனால் 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரிய குற்றம் பற்றிய தகவலை நியாயமான காரணமின்றி மறைப்பதே குற்றம். எங்கே இருந்தாலும், குழந்தைக்கோ குறிப்பிட்ட ஒருவருக்கோ கடும் தீங்கு வரப்போகிறது என்றால் எத்திக்ஸ் கமிட்டி உங்களிடம் எதிர்பார்ப்பது பேசுவதைத்தான். அது மட்டுமல்ல, வழக்கறிஞருக்கு இருக்கும் பாதுகாப்பு ஆய்வாளருக்கு இல்லை. நீதிமன்றம் கேட்டால் உங்கள் களக் குறிப்பைக் கொடுக்க வேண்டி வரலாம். அமெரிக்காவில் 1993இல் ரிக் ஸ்கார்ஸ் என்ற முனைவர் பட்ட மாணவர், தீவிரச் சூழலியல் செயல்பாட்டாளர்கள் தனக்குச் சொன்னதை கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) முன் சொல்ல மறுத்து 159 நாள் சிறையில் இருந்தார். பாஸ்டன் கல்லூரி நடத்திய பெல்ஃபாஸ்ட் திட்டத்தில், வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம் உங்கள் மரணம் வரை வெளியே போகாது என்று சொல்லி ஒலிப்பதிவு செய்தார்கள். 2011இல் சம்மன் வந்தது, 2013இல் சில ஒலிநாடாக்கள் காவல்துறையின் கைக்குப் போயின. பேசியவர்களில் சிலர் உயிரோடு இருக்கும்போதே.

இதனால்தான் எங்கள் பயிற்சியில் ஒரு முழு நாள் ஒரே ஒரு பேச்சை ஒத்திகை பார்ப்பதில் போகிறது. நேர்காணலின் முதல் இரண்டு நிமிடத்தில் சொல்வது: "நடக்கப்போவதைச் சொல்லாதீர்கள். பெயர் சொல்லாதீர்கள். இடம், தேதி சொல்லாதீர்கள். நடந்து முடிந்ததையும் 'ஒருத்தன்' என்றே சொல்லுங்கள். யாருக்காவது ஆபத்து என்று எனக்குத் தெரிந்தால் நான் பேச வேண்டியிருக்கும்." இதைச் சொன்னால் யார் பேசுவார்கள் என்று மாணவர்கள் கேட்பார்கள். பேசுகிறார்கள். எல்லையை முதலிலேயே சொன்னவரை அவர்கள் அதிகம் நம்புகிறார்கள் என்பது என் அனுபவம். அதற்கப்புறம் ஒலிப்பதிவைக் குறியாக்கம் செய்த சாதனத்தில் வைப்பது, எழுத்தாக மாற்றியவுடன் அழிப்பது, எந்தப் புனைபெயர் யாருடையது என்று காட்டும் பெயர்ச் சாவியைத் தனியாகப் பூட்டுவது எல்லாம் வரும். குற்றம் பற்றிய தனிநபர் தகவலுக்கு இங்கே தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கூடுதல் கட்டுப்பாடு இருக்கிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜூடித் ஆல்ட்ரிட்ஜ், ஹுவான்ஹோ மெதினா குழுவினர் தங்கள் ஆய்வில் நகரத்தின் பெயரையே எழுதாமல் "ரிசர்ச் சிட்டி" என்றார்கள். தனி மனிதர்களைக் காப்பதோடு, ஓர் ஊருக்கே கெட்ட பெயர் விழாமல் பார்த்துக்கொள்வதும் ஆய்வாளரின் வேலை என்பதால் இதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

உடம்புக்கு ஆபத்து எவ்வளவு என்பதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன், வீட்டிலும் இதைக் காட்டுங்கள். ஆய்வாளர் கத்திக்குத்து வாங்குவது மிக அரிது. இங்கே வன்முறை பெரும்பாலும் அவர்களுக்குள் நடப்பது. உங்களைப் போலீஸ் உளவாளி என்று சந்தேகிப்பது, ஒரு பக்கத்தோடு அதிகம் தென்பட்டதால் மறு பக்கம் உங்களை அவர்கள் ஆளாகக் கணக்கிடுவது, இவைதான் அன்றாட ஆபத்து. ஆகவே தனியாகக் களத்துக்குப் போகும்போது எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு வெளியே வருவீர்கள் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். சொன்ன நேரத்தில் அழைப்பு வராவிட்டால் அவர் என்ன செய்வார் என்பதும் எழுத்தில் இருக்கும். சந்திப்பு நூலகத்திலோ இளைஞர் மையத்திலோ நடக்கும், யார் காரிலும் ஏறக் கூடாது. உங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: மாணவர் விசாவில் இருப்பவர் தவறான நேரத்தில் தவறான இடத்தில் கைதானால் இழப்பு உள்ளூர் மாணவரை விட அதிகம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களோடு வேலை செய்ய இங்கே பெரும்பாலும் பின்னணிச் சோதனை கேட்பார்கள். அதற்கு இந்தியாவிலிருந்து காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழும் கேட்கலாம், கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.

உள்ளே போகும் வழியைப் பொறுத்தவரை, அலிஸ்டேர் ஃப்ரேஸர் கிளாஸ்கோவில் செய்ததைப் பாருங்கள். இளைஞர் பணியாளராக அந்த வட்டாரத்திலேயே வேலை செய்து, ஆண்டுக்கணக்கில் பழகி, பையன்கள் வளர்வதைப் பார்த்து எழுதினார். கேங் என்பது அவர்களுக்குத் தெருவோடு கலந்த ஓர் அடையாளம், வளர வளரப் பலரும் கழற்றிவிடும் சட்டை என்பது அந்த நிதானத்தில்தான் தெரிந்தது. மறு எல்லையில் டென்னிஸ் ரோஜர்ஸ் இருக்கிறார். 1996-97இல் நிகராகுவாவின் மனாகுவாவில் களப்பணி செய்யும்போது அந்த வட்டாரக் கேங்கிலேயே உறுப்பினராகச் சேர்ந்தார். அந்த ஆழத்தை வேறு யாரும் எளிதில் தொட்டதில்லை. ஆனால் இன்றைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் அதற்கு அனுமதி தராது, நானும் என் மாணவரை அனுப்பமாட்டேன். உங்கள் இரண்டு ஆண்டுக் குழந்தைகள் பாதுகாப்பு அனுபவம் ஃப்ரேஸரின் வழிக்கு நேராகப் பொருந்துகிறது. விண்ணப்பத்தில் அதைக் கடைசி வரியில் ஒளித்து வைக்காதீர்கள்.

தமிழர் என்பதால் ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் லண்டனிலும் டொரன்டோவிலும் ஈழத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களின் பையன்களிடையே குழு வன்முறை நடந்தது, உயிர்கள் போயின. மொழி தெரியும், ஆகவே அதை ஆராயலாம் என்று தோன்றும். இரண்டு விஷயத்தை யோசியுங்கள். ஒன்று, நெல்லைத் தமிழ் பேசுகிறவர் லண்டனின் ஈஸ்ட் ஹாமில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துக்கு உள்ளாள் கிடையாது; வாயைத் திறந்ததுமே இந்தியத் தமிழர் என்று தெரிந்துவிடும். போரைப் பற்றி, இயக்கத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எடை போட்ட பிறகுதான் பேச்சு தொடரும். இரண்டு, சமூகம் சின்னது. "கோயிலுக்குப் பக்கத்துக் கடை வைத்திருந்தவரின் இரண்டாவது மகன்" என்று எழுதினால், பெயர் போடாவிட்டாலும் ஊர் முழுக்க ஆளைக் கண்டுபிடித்துவிடும். அவனுக்கு இன்று நாற்பது வயது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. செய்ய வேண்டிய ஆய்வு அது, இன்னும் போதுமான அளவு செய்யப்படவும் இல்லை. ஆனால் முதல் ஆய்வாக அதை எடுக்காதீர்கள்.

யாரையும் நேரில் சந்திக்காமல் செய்ய முடியுமா என்று கேட்டீர்கள். தாராளமாக. மருத்துவமனைத் தரவு, கைதுப் பதிவுகளின் வலைப்பின்னல், நீதிமன்றத் தீர்ப்புகள், எல்லாமே முழு முனைவர் பட்டத்துக்குத் தாங்கும். 2016இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஜோகி வழக்கில், கூட இருந்தவரையும் கொலைக்குப் பொறுப்பாக்கும் சட்டம் முப்பது ஆண்டுகளாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று சொன்னது. அதற்குப் பிறகும் "கேங்" என்ற சொல் விசாரணைகளில் எப்படிப் பயன்படுகிறது என்று தீர்ப்புகளை மட்டும் வைத்தே நல்ல ஆய்வு செய்யலாம். நேரில் போனால்தான் உண்மையான ஆய்வாளர் என்ற ஒரு மமதை இந்தத் துறையில் இருக்கிறது. அதற்கு நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

நேரில் போனாலும் போகாவிட்டாலும் மனசுக்கு ஒரு விலை உண்டு. நேர்காணலைக் கேட்கும்போது இருப்பதைவிட, தனியாக உட்கார்ந்து அதை எழுத்தாக மாற்றும்போதுதான் அதிகம் பாதிக்கிறது. ஒரே வாக்கியத்தை நான்கு முறை திரும்ப ஓடவிட்டுக் கேட்க வேண்டியிருக்கும். மகனின் செருப்பை இன்னும் வாசலிலேயே வைத்திருக்கும் தாயின் குரலாக அது இருக்கலாம். என் மாணவர்களுக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இந்த வேலை கூடாது என்று வைத்திருக்கிறேன், இரவில் அறவே கூடாது. நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நேராகக் கேளுங்கள்: "உங்கள் மாணவர் களத்தில் உடைந்துபோனால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" பல்கலைக்கழக ஆலோசனை மையத்தின் தொலைபேசி எண்ணை மட்டும் பதிலாகத் தருபவரிடம் போகாதீர்கள்.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது இது. யாரை ஆராயப் போகிறேன் என்று எழுதுவதற்கு முன், "கேங்" என்ற சொல்லை எந்தப் பொருளில், யாருடைய வரையறைப்படி பயன்படுத்துகிறேன் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்த பக்கத்தில், உங்களிடம் பேசுபவரின் தகவல் கசிந்தால் அவருக்கு என்னென்ன நடக்கலாம், அதைத் தடுக்க என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். இந்த இரண்டு பக்கத்தோடு, உங்களுக்குப் பிடித்த ஆய்வைச் செய்த மூன்று பேருக்கு அக்டோபர் வாக்கில் மின்னஞ்சல் அனுப்புங்கள். உதவித்தொகை விண்ணப்பங்கள் பல இடங்களில் டிசம்பர், ஜனவரியிலேயே முடிந்துவிடும். அந்த இரண்டு பக்கங்களை எழுதி முடித்ததும் இங்கேயே போடுங்கள், பெயர்கள் எதுவும் இல்லாமல். நான் படித்துக் கருத்துச் சொல்கிறேன்.